புகை செய்த கேடு பிடிபட்ட கதை



பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கி, பட்டைக்கு அடியிலுள்ள மரத்தைத் தொட்டுவிட்டால், அன்றைக்கு அதனால் ஒரு நட்டமும் தெரியாது. பால் வழக்கம்போல் மங்கில் வடியும். எடைக்கு நிற்கும்போதும் குறைவு தெரியாது. கங்காணி பார்த்தால் ஏசுவார். பார்க்காவிட்டால் அதுவும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து, புதுப்பட்டை வளர்ந்து, மறுபடியும் அந்தப் பக்கம் வெட்டு வரும்போதுதான் காயம் முகத்தைக் காட்டும். பட்டை முடிச்சு முடிச்சாய்ப் புடைத்து நிற்கும், உளி ஓடாது. காயப்படுத்தியவர் அதற்குள் வேறு தோட்டத்துக்கே போயிருப்பார்.

புகை பிடிப்பதால் உடலுக்கு வரும் கேடும் இந்த வகையைச் சேர்ந்தது. இன்றைக்குப் பற்றவைத்து நாளைக்கு நோய் வருமானால், மனிதன் அதை என்றோ விட்டொழித்திருப்பான். நடுவில் இருபது, முப்பது ஆண்டு இடைவெளி இருந்ததனால்தான், புகைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் கண்ணுக்குத் தப்பியது. அது எப்படிப் பிடிபட்டது என்பதை இன்று உங்களுக்குச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

புகையிலை நம் நாட்டுச் செடி அன்று. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்கள் பயன்படுத்தி வந்த இலை அது. 1492-இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகே மற்ற நாட்டார் அதைக் கண்டார்கள். ஐரோப்பாவில் முதலில் அதற்கு மருந்து என்று பெயர். போர்த்துக்கல் நாட்டில் பிரான்சின் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர், 1560-ஆம் ஆண்டு வாக்கில், அதை மருந்தென்று தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பிவைத்தார். அதிலுள்ள நஞ்சுக்கு நிக்கோடின் என்ற பெயர் அவரால் வந்ததுதான். போர்த்துக்கீசியர் கப்பல் வழியாக அது இந்தியாவில் இறங்கியது. அக்பர் சக்கரவர்த்தியின் கடைசிக் காலத்தில், அசத் பேக் என்பவர் பீஜப்பூரிலிருந்து புகையிலையும் குழாயும் கொண்டுபோய் அவர்முன் வைத்தார். அக்பர் இரண்டொரு தடவை இழுத்துப் பார்த்தார். அரண்மனை வைத்தியர் தடுத்துவிட்டார். அவர் மகன் ஜஹாங்கீர் 1617-இல் புகையிலைக்குத் தடையே போட்டார். இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604-இல் புகைப்பழக்கத்தைக் கண்டித்துத் தாமே ஒரு சிறு நூல் எழுதினார். வரியையும் பன்மடங்கு ஏற்றினார். யார் கேட்டார்கள்? வரிப்பணத்தின் ருசி தெரிந்த பிறகு, அரசாங்கங்களுக்கும் அதை விட மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

ஆனாலும் அந்தக் காலத்துப் புகை வேறு, பின்னால் வந்த புகை வேறு. சுருட்டின் புகை காரமானது. பெரும்பாலோர் அதை வாயோடு நிறுத்தி வெளியே விட்டார்கள். சிகரெட்டின் புகை மிருதுவானது, நெஞ்சுக்குள்ளே போகும். சிகரெட்டைக் கையால் சுற்றிக்கொண்டிருந்த வரையில் அது அதிகம் பரவவில்லை. 1880-களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் பான்சாக் என்ற இளைஞர் ஓர் இயந்திரத்தைச் செய்தார். பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட்டுகளைச் சுற்றித் தள்ளியது அது. விலை இறங்கியது. 1914-இல் முதல் உலகப் போர் வந்தது. போர்முனையில் இருந்த சிப்பாய்களுக்கு ரொட்டியோடு சிகரெட்டும் கொடுத்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய ஆண்பிள்ளைகளில் பெரும்பாலோர் சிகரெட்டும் கையுமாகத்தான் திரும்பினார்கள்.

1912-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஐசக் ஆட்லர் என்னும் டாக்டர் நுரையீரல் புற்றுநோயைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மிக அரிதான நோய்களில் இது ஒன்று. இதற்கென்று தனிநூல் எழுதுவது தகுமா என்று அவரே தயங்கினார். பத்து ஆண்டு கழிந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1922-இல் அந்த நோயால் இறந்தவர்கள் 612 பேர். 1947-இல் அதே நாட்டில் 9,287 பேர். இருபத்தைந்து ஆண்டில் பதினைந்து மடங்கு!

என்ன காரணம் என்று யாருக்கும் விளங்கவில்லை. சாலைகளுக்குத் தார் போட ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். அதன் ஆவி காரணமாக இருக்குமோ என்றார்கள் சிலர். மோட்டார் வண்டிப் புகை என்றார்கள் சிலர். நிலக்கரிப் புகை என்றார்கள் வேறு சிலர். சிகரெட்டைச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஜெர்மனியில் 1939-இலேயே முல்லர் என்ற டாக்டர் அதைக் கணக்கெடுத்து எழுதியிருந்தார். ஆனால் அதே ஆண்டில் போர் மூண்டுவிட்டது. அவர் எழுத்தை வெளியுலகம் கவனிக்கவில்லை.

1948-இல் லண்டனில் இரண்டு பேர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். ஒருவர் பேராசிரியர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். முதல் போரில் விமானப் படைக்குப் போய்க் காசநோயோடு திரும்பியதால் அந்த ஆசை நிறைவேறாமல், படுக்கையில் கிடந்தபடியே அஞ்சல்வழிப் படித்துக் கணக்கில் வல்லவரானார். மற்றவர் டாக்டர் ரிச்சர்ட் டால். அவரும் அப்போது சிகரெட் பிடிப்பவர்தான். சாலைத் தாரோ வண்டிப் புகையோதான் காரணமாக இருக்கும் என்பதே அவருடைய அப்போதைய எண்ணம்.

அவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அன்றைய இங்கிலாந்தில் ஆண்களில் பத்துப் பேரில் எட்டுப் பேர் புகைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் நோயாளியிடம் போய், “நீங்கள் புகைப்பீர்களா?” என்று கேட்பது, “தேநீர் குடிப்பீர்களா?” என்று கேட்பது மாதிரி. ஆகவே அவர்கள் அதோடு நிற்கவில்லை. எந்த வயதில் ஆரம்பித்தீர்கள், நாளைக்கு எத்தனை, இடையில் விட்டதுண்டா, மறுபடி தொடங்கியது எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதச் செய்தார்கள். லண்டனில் 20 மருத்துவமனைகளில் பெண் ஊழியர்கள் கட்டில் கட்டிலாகப் போய் இதைக் கேட்டார்கள். நுரையீரல் புற்றுநோய்க்காரர்களிடம் மட்டும் கேட்கவில்லை. வேறு நோயால் படுத்திருந்தவர்களில் அதே வயதுள்ள ஆணையோ பெண்ணையோ தேடி, அவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தானே கணக்கு நேராகும்.

1950 செப்டம்பர் 30-ஆம் நாள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில், புகைக்காதவர்கள் இரண்டே பேர். மற்ற நோயாளிகள் 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 27 பேர். எவ்வளவு அதிகம் புகைத்தார்களோ அவ்வளவு அதிகம் நோய். நாளைக்கு 25-உம் அதற்கு மேலும் புகைத்தவர்களுக்கு, புகைக்காதவர்களைவிடச் சுமார் 50 மடங்கு ஆபத்து என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கேள்வி கேட்ட பெண்கள், “இவர் நுரையீரல் புற்றுநோய்க்காரர், கட்டாயம் அதிகம் புகைத்திருப்பார்” என்று தங்களை அறியாமலே கூட்டி எழுதியிருக்கலாம் அல்லவா? அப்படி ஒரு சந்தேகத்தை அந்த இருவரே எழுப்பிக்கொண்டார்கள். விடையும் அவர்கள் தாள்களிலேயே கிடைத்தது. நுரையீரல் புற்றுநோய் என்று கருதப்பட்டுக் கேள்வி கேட்கப்பட்டவர்களில் சிலருக்கு, பின்னால் சோதித்துப் பார்த்தபோது அந்த நோய் இல்லை என்று தெரிந்தது. அவர்கள் சொல்லியிருந்த புகைக் கணக்கைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். அது மற்ற நோயாளிகளின் கணக்கோடு ஒத்துப்போனது. எழுதியவர்கள் கை சாய்ந்திருந்தால், இவர்களுடைய கணக்கும் சேர்ந்து ஏறியிருக்கும். ஏறவில்லை.

அதே 1950-இல், அதற்குச் சில மாதங்கள் முன்பே, அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வின்டர் என்ற மருத்துவ மாணவரும் இவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவரும் 684 நோயாளிகளை வைத்து இதே முடிவை வெளியிட்டிருந்தார்கள். கிரஹாம் சாதாரண ஆள் அல்லர். புற்றுநோய் பிடித்த ஒரு நுரையீரலை முழுதாக வெட்டி எடுத்து, ஆளையும் பிழைக்கவைத்து, 1933-இல் உலகப் புகழ் பெற்றவர். சிகரெட்டை அதிகம் புகைத்தவர். வின்டர் இந்தச் சந்தேகத்தோடு வந்தபோது முதலில் அவர் நம்பவில்லை. நைலான் காலுறை விற்பனையும்தான் கூடியிருக்கிறது, அதனால் நோய் வந்ததென்று சொல்வதா என்று கேலி செய்தாராம். பிறகு தாமே சேர்த்த கணக்கைப் பார்த்துப் புகைப்பதை விட்டார். ஆனால் உளி இறங்கிய காயம் உள்ளே இருந்தது. 1957-இல் அதே நுரையீரல் புற்றுநோயால் கிரஹாம் இறந்துபோனார். 1933-இல் அவரிடம் ஒரு நுரையீரலை இழந்து பிழைத்த நோயாளி, தமக்கு உயிர் கொடுத்த டாக்டருக்குப் பின்னும் ஆறு ஆண்டு உயிரோடிருந்தார்.

டாலும் ஹில்லும் 1950-ஓடு நிற்கவில்லை. நோய் வந்தபின் பழைய பழக்கத்தைக் கேட்பதைவிட, ஆரோக்கியமாய் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தால் என்ன? 1951-இல் பிரிட்டனிலுள்ள டாக்டர்கள் எல்லாருக்கும் ஒரு சிறு கேள்வித்தாள் அனுப்பினார்கள். 40,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். இரண்டரை ஆண்டுக்குள்ளாகவே அவர்களில் 36 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்கள். 36 பேரில் புகைக்காதவர் ஒருவர்கூட இல்லை. அந்த 1954-இல்தான் பிரிட்டனின் சுகாதார அமைச்சர் இயன் மேக்லியாட், புகைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டென்று பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார். அறிவித்தபோதும் விடாமல் சிகரெட் பிடித்துக்கொண்டே இருந்தார்!

சிகரெட் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 1954 ஜனவரி 4-ஆம் தேதி அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டு, குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை, மக்கள் நலனே எங்களுக்குப் பெரிது என்றன. மக்கள் மனத்தில் சந்தேகத்தை வளர்த்து வைப்பதே வியாபாரம் என்று உள்ளுக்குள் எழுதிவைத்த தாள்கள் பின்னால் நீதிமன்ற வழக்குகளில் வெளியே வந்தன. 1964 ஜனவரி 11-ஆம் நாள் அமெரிக்க அரசாங்கம் தன் அறிக்கையை வெளியிட்டது. அது ஒரு சனிக்கிழமை. பங்குச் சந்தை கலங்கிவிடக் கூடாதென்று விடுமுறை நாளாகப் பார்த்து வெளியிட்டார்கள். அவ்வளவு பணம் அதில் புரண்டது.

உடலுக்குள் நடப்பது என்ன? தோட்டத்தில் ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாய் உள்ளே போகும் ஷீட், சில நாளில் பழுப்பாய் வெளியே வரும். புகையிலுள்ள தார் அதில் படிவதால் பூஞ்சணம் பிடிக்காது. ஷீட்டுக்கு அது நல்லது. நெஞ்சுக்கு நல்லதில்லை. நம் மூச்சுக்குழாயின் உள்பக்கம் மிக மெல்லிய மயிர்போன்ற இழைகள் இருக்கின்றன. உள்ளே வரும் தூசியைச் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிவிடுகிறது. பிறகு தூசியைத் தள்ள ஆளில்லை. இருமித்தான் தள்ள வேண்டும். அதிகாலையில் லயத்து வாசலில் கேட்குமே, பெரட்டுக்குக் கிளம்புமுன் ஒரு நீண்ட இருமல், அது இதுதான். நிக்கோடின் சில விநாடியில் மூளைக்குப் போய், இன்னொன்று வேண்டும் என்று கேட்கவைக்கிறது. லாரிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று சிகரெட் புகையிலும் உண்டு. அது இரத்தத்தில் பிராணவாயுவுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இருதயம் குறைந்த பிராணவாயுவை வைத்துக்கொண்டு கூடுதலாக வேலை செய்கிறது. இரத்தக் குழாய்களும் உள்ளே தடித்துச் சுருங்குகின்றன. புகைப்பவர்களில் பலரைக் கொல்வது இருதய நோய்தான்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். என் பாட்டி புகைத்ததில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதோடு ஒரு துண்டு புகையிலை. இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டால் மத்தியானம்வரை பசி தெரியாது என்பார். அந்தக் கன்னத்திலேயே ஒரு வெள்ளைப் படை வந்தது. வலிக்கவில்லை என்றதால் யாரும் கவனிக்கவில்லை. புண்ணானபோது தேன் தடவினோம். டாக்டரிடம் கொண்டுபோனபோது வாய் திறக்க முடியாமல் போயிருந்தது.

இந்தக் காரணமும் தெரியாத ஒன்றாக இருக்கவில்லை என்பதுதான் எனக்கு மனவருத்தம். அப்போது திருவிதாங்கூரிலும் இப்போது கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருக்கும் நெய்யூரில் ஒரு மிஷன் மருத்துவமனை உண்டு. அங்கே வேலை பார்த்த டாக்டர் ஓர் என்பவர், வாய்ப் புற்றுநோயோடு வந்த ஏராளமானோரைப் பார்த்தார். வெற்றிலையோடு புகையிலையை எந்தப் பக்கம் அடக்கினார்களோ, அந்தப் பக்கமே நோய் வருவதைக் கண்டு, 1933-இல் லண்டன் மருத்துவ இதழொன்றில் எழுதினார். டாலுக்கும் ஹில்லுக்கும் 17 ஆண்டு முன்னால், நம் பக்கத்து மனிதர்களின் கன்னத்திலேயே விடை எழுதப்பட்டிருந்தது. ஆந்திரக் கடற்கரைப் பகுதிகளில் சில பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள்; அவர்களுக்கு நோய் மேலண்ணத்தில் வந்தது. நெருப்பும் இலையும் எங்கே தொடுகிறதோ அங்கே. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்தது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகிறவர்களில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடப் பல மடங்கு. அதிலும் நம் பெண்கள்தாம் அதிகம். இரண்டு, மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணையும், வலிக்காத வெள்ளைப் படையையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அம்மா. வலிக்காதபோதே போக வேண்டிய நோய் அது.

புகைக்காத மனைவிக்கு என்ன ஆகிறது என்று கேட்டவர் ஜப்பானியரான டாக்டர் தக்கேஷி ஹிராயாமா. புகை பிடிக்காத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு ஆண்டு தொடர்ந்து கவனித்து, 1981-இல் முடிவைச் சொன்னார். நாளைக்கு ஒரு பாக்கெட் அளவு புகைக்கும் கணவரோடு வாழ்ந்த பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள லயத்து வீட்டை நினைத்துப் பார்த்தால், அந்தப் புகை வேறெங்கே போகும்?

சட்டங்கள் மெதுவாகத்தான் வந்தன. சிங்கப்பூர் 1970-இல் பேருந்திலும் திரையரங்கிலும் புகைப்பதைத் தடுத்தது. இங்கே சிகரெட்டின் பெயரிலேயே காற்பந்துப் போட்டிகள் நடந்த காலமும் உண்டு, நாமும் கைதட்டினோம். மலேசியாவில் 2019 ஜனவரி முதல் உணவுக்கடைகளில் புகைக்கக் கூடாதென்று ஆனது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சிகரெட்டும் மின்சிகரெட்டும் விற்பது குற்றம்.

இவ்வளவும் சொன்ன பிறகு யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “எங்கள் தாத்தா எண்பது வயதுவரை சுருட்டுப் பிடித்தார், ஐயா. அவருக்கு என்ன வந்தது?” நியாயமான கேள்வி. டால் சேர்த்த டாக்டர்களின் கணக்கில் அதற்கு விடை இருக்கிறது. கடைசிவரை சிகரெட்டை விடாதவர்களில் பாதிப் பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ அது கொன்றது. மீதிப் பேர் தப்பித்தார்கள். நம் கண்ணில் நிற்பவர், தப்பித்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா. ஐம்பத்தைந்து வயதில் போய்விட்ட அவருடைய தம்பி திண்ணையில் இல்லை. அதனால் அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

1951-இல் ஆரம்பித்த அந்தக் கணக்கெடுப்பை டால் ஐம்பது ஆண்டுகள் விடாமல் நடத்தினார். 2004 ஜூன் 26-ஆம் நாள் முடிவை வெளியிட்டார். விடாமல் சிகரெட் பிடித்த டாக்டர்கள், பிடிக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்திருந்தார்கள். விட்டவர்களின் கணக்கையும் அவர் தந்தார். அறுபது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தில் மூன்று ஆண்டு திரும்பக் கிடைத்தது. ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு. நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது. முப்பதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய பத்தும் கிடைத்தது. இந்த முடிவு வெளியானபோது டாலுக்கு வயது 91. லண்டன் மருத்துவமனைகளிலிருந்து முதல் தாள்கள் வந்துகொண்டிருந்த நாளிலேயே, நாற்பதை எட்டுமுன், அவர் தம் சிகரெட்டை நிறுத்தியிருந்தார். மறு ஆண்டு, 92 வயதில் காலமானார்.